எழுதற் பெருக்கம்

எழுதற் பெருக்கம் என்பது திண்மநிலைச் சேமிப்பகங்களிலும் பிளாஷ் நினைவகத்தைப் பயன்படுத்தும் பிற கருவிகளிலும் காணப்படும் ஒரு விளைவு ஆகும். எழுதும்படி கணினி அனுப்பும் தரவின் அளவைக் காட்டிலும், சேமிப்பகத்தினுள் இருக்கும் நினைவகச் சில்லுகளில் உண்மையில் எழுதப்படும் தரவின் அளவு மிகுந்திருப்பதை இச்சொல் குறிக்கின்றது. பயனர் 1 கிகாபைட்டு அளவுள்ள கோப்பைச் சேமிக்கும்போது சில்லுகளில் 3 கிகாபைட்டு எழுதப்படுமாயின், அச்சேமிப்பகத்தின் எழுதற் பெருக்கம் 3 எனப்படும்.

பிளாஷ் நினைவகக் கலங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அழிப்புகளுக்குப் பின்னர் நம்பகத்தன்மையை இழக்கின்றன. எனவே எழுதற் பெருக்கம் கூடும்போது சேமிப்பகத்தின் ஆயுள் அதே விகிதத்தில் குறைகின்றது. மேலும், உள்ளே நடைபெறும் கூடுதல் எழுத்துகள் பயனருக்குக் கிடைக்கவேண்டிய வேகத்தையும் விழுங்கிவிடுகின்றன. திண்மநிலைச் சேமிப்பகங்களில் தரவு மேலாண்மையைத் திறம்படுத்தக் கண்டறியப்பட்ட முறைகளுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இந்த ஓர் எண்ணைக் குறைக்கும் முயற்சிகளே ஆகும். 2008-ஆம் ஆண்டளவில் இன்டெல், சிலிக்கன்சிஸ்டம்ஸ் ஆகிய நிறுவனங்கள் தம் வெளியீடுகளில் பயன்படுத்திய பின்னர் இச்சொல் பரவலாயிற்று.

பிளாஷ் நினைவகத்தின் இயல்பு

பிளாஷ் நினைவகத்தை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா உருவாக்கினார். நோர் வகை 1984-ஆம் ஆண்டிலும், இன்றைய சேமிப்பகங்களில் பயன்படும் நேண்ட் வகை 1987-ஆம் ஆண்டிலும் ஆய்வரங்குகளில் அறிவிக்கப்பட்டன. பெரும் பரப்பு முழுவதும் ஒரே வீச்சில் அழிவது ஒளிப்படக் கருவியின் மின்னொளியை நினைவூட்டியதால், அவருடன் பணியாற்றிய ஷோஜி அரிஇசுமி இப்பெயரைப் பரிந்துரைத்தார். கவனித்துப் பார்த்தால், இக்கட்டுரை விளக்கும் சிக்கலின் வேர் அந்தப் பெயரிலேயே இருக்கின்றது. இந்நினைவகத்தில் அழித்தல் எப்போதும் மொத்தமாகவே நடைபெறும். சில்லறையாக அழிக்க வழியில்லை.

நேண்ட் நினைவகத்தில் எழுதுவதற்கும் படிப்பதற்கும் உரிய மிகச்சிறிய அலகு பக்கம் எனப்படும். ஒரு பக்கம் பொதுவாக 4 முதல் 16 கிலோபைட்டு வரை கொள்ளும். பல பக்கங்கள் சேர்ந்தது ஒரு தொகுதி. பழைய சில்லுகளில் ஒரு தொகுதிக்கு 64 அல்லது 128 பக்கங்கள் இருந்தன. கலங்களை அடுக்கடுக்காகக் கட்டிய பிற்காலச் சில்லுகளில் இவ்வெண்ணிக்கை ஆயிரத்தையும் தாண்டுகின்றது. அழிப்பதற்குரிய மிகச்சிறிய அலகு தொகுதியே ஆகும். ஒருமுறை எழுதப்பட்ட பக்கத்தின் மேல், அது அடங்கிய தொகுதி முழுவதையும் அழிக்காமல் மீண்டும் எழுத இயலாது.

இச்செயல்களுக்கு ஆகும் நேரமும் ஒன்றுபோல் இல்லை. ஒரு பக்கத்தைப் படிக்கச் சில பத்து மைக்ரோநொடிகளும், எழுத நூற்றுக்கணக்கான மைக்ரோநொடிகளும், ஒரு தொகுதியை அழிக்கச் சில மில்லிநொடிகளும் தேவைப்படுகின்றன. அழிக்கும்போது உயர் மின்னழுத்தத்தால் எலக்ட்ரான்கள் மெல்லிய காப்புப் படலத்தின் ஊடாக வெளியேற்றப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் அப்படலம் சிறிது பழுதடைகின்றது. ஒரு கலத்தில் ஒரு பிட் மட்டும் வைக்கும் சில்லுகள் ஏறத்தாழ 1,00,000 அழிப்புகளைத் தாங்கின. இரண்டு பிட் வைப்பவை 3,000 முதல் 10,000 வரையும், மூன்று பிட் வைப்பவை பொதுவாக 1,000 முதல் 3,000 வரையும் தாங்குகின்றன. நான்கு பிட் வகையில் இவ்வெண் இன்னும் குறைகின்றது. விலை குறையக் குறையக் கலங்களின் பொறுமையும் குறைந்து வந்திருப்பதால், எழுதற் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் தேவை ஆண்டுதோறும் கூடியே வந்துள்ளது.

பெயர்ப்பு அடுக்கு

கணினியின் இயங்குதளங்கள் வன்தட்டுகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. வன்தட்டில் ஒரு பிரிவின் மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் நேரடியாக மீண்டும் எழுதலாம். அதே எதிர்பார்ப்புடன்தான் இயங்குதளம் திண்மநிலைச் சேமிப்பகத்தையும் அணுகுகின்றது. இந்த எதிர்பார்ப்புக்கும் சில்லுகளின் உண்மை இயல்புக்கும் இடையே நின்று இரண்டையும் இணக்குவது பிளாஷ் பெயர்ப்பு அடுக்கு எனப்படும் மென்பொருள் ஆகும். இது சேமிப்பகத்தின் கட்டுப்படுத்தியில் நிலைபொருளாக இயங்குகின்றது. இசுரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அமிர் பான் இதற்கு அடிப்படையான முறை ஒன்றுக்கு 1995-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

இவ்வடுக்கு, கணினி அறிந்த தருக்க முகவரி ஒவ்வொன்றும் சில்லில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றது என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்றைப் பேணுகின்றது. கணினி ஒரு முகவரியில் புதிய தரவை எழுதும்போது, பழைய பக்கம் தொடப்படுவதில்லை. வேறிடத்தில் ஏற்கனவே அழிக்கப்பட்டுக் காலியாக உள்ள பக்கத்தில் புதிய தரவு எழுதப்பட்டு, அட்டவணை மாற்றப்படுகின்றது. பழைய பக்கம் செல்லாதது எனக் குறிக்கப்படுகின்றது. அதன் உள்ளடக்கம் அவ்விடத்திலேயே இருக்கும்.

மளிகைக் கடையின் பற்று ஏட்டை இதற்கு ஒப்பிடலாம். கடன் மாறும்போது கடைக்காரர் பழைய வரியை அழிப்பதில்லை. அதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் புதிய தொகையைக் கடைசி வரியில் எழுதுகின்றார். ஏடு நிரம்பியதும், தீராத கணக்குகளை மட்டும் புதிய ஏட்டிற்குப் படியெடுத்துவிட்டுப் பழையதைக் கழிக்கின்றார். கோடிட்ட வரிகள் மிகுதியாக இருந்தால் படியெடுக்கும் வேலை குறைவு. பெரும்பாலான கணக்குகள் தீராதிருந்தால், ஏறக்குறைய முழு ஏட்டையும் மீண்டும் எழுதவேண்டியிருக்கும். எழுதற் பெருக்கம் என்பது இந்தப் படியெடுக்கும் வேலையின் அளவே ஆகும்.

அட்டவணையின் அளவும் ஒரு சிக்கல். ஒவ்வொரு 4 கிலோபைட்டுக்கும் 4 பைட்டு முகவரி தேவை எனக் கொண்டால், 1 டெராபைட்டுச் சேமிப்பகத்துக்கு ஏறத்தாழ 1 கிகாபைட்டு நேரணுகு நினைவகம் வேண்டும். தொகுதி அளவில் மட்டும் முகவரி வைத்தால் அட்டவணை பன்மடங்கு சுருங்கும். ஆனால் ஒரு சிறு மாற்றத்துக்காக முழுத் தொகுதியையும் நகர்த்த நேரிடும். விலை குறைந்த பழைய பேனா நினைவகங்களும் நினைவக அட்டைகளும் சிறு கோப்புகளை எழுதும்போது தடுமாறியதற்கு இத்தகைய சிக்கனமே காரணம். பக்க அளவிலான முழு அட்டவணையைச் சில்லிலேயே வைத்துவிட்டு, அடிக்கடி தேவைப்படும் பகுதியை மட்டும் நேரணுகு நினைவகத்தில் கொள்ளும் முறையைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2014-ஆம் ஆண்டின் என்.வி.எம்.இ. 1.2 சீர்தரம், கணினியின் நினைவகத்தில் ஒரு சிறு பகுதியைச் சேமிப்பகம் இரவல் பெற வழிசெய்தது. தனி நேரணுகு நினைவகம் இல்லாத மலிவுச் சேமிப்பகங்கள் இதைப் பெரிதும் பயன்படுத்துகின்றன.

குப்பை சேகரிப்பு

செல்லாத பக்கங்கள் பெருகி, காலிப் பக்கங்கள் குறையும்போது கட்டுப்படுத்தி குப்பை சேகரிப்பைத் தொடங்குகின்றது. ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுத்து, அதில் இன்னும் செல்லுபடியாகும் பக்கங்களை வேறு தொகுதிக்குப் படியெடுத்து, பின்னர் அத்தொகுதியை முழுமையாக அழிக்கின்றது. அழிக்கப்பட்ட தொகுதி மீண்டும் எழுத்துக்குத் தயாராகின்றது.

256 பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதியில் 192 பக்கங்கள் செல்லுபடியாகும் நிலையில் உள்ளன எனக் கொள்வோம். அவற்றை இடம்பெயர்த்து அத்தொகுதியை அழித்தால், நிகரமாகக் கிடைப்பது 64 பக்கங்களுக்கான இடம் மட்டுமே. அதாவது, பயனரின் 64 பக்கங்களை ஏற்பதற்காக மொத்தம் 256 பக்கங்கள் எழுதப்படுகின்றன. எழுதற் பெருக்கம் 4 ஆகின்றது. பொதுவாக, அழிக்கத் தேர்ந்த தொகுதியில் செல்லுபடியாகும் பக்கங்களின் பின்னம் ப எனில், எழுதற் பெருக்கம் 1 ÷ (1 − ப) ஆகும். பாதி செல்லுபடியானால் 2, பத்தில் ஒன்பது செல்லுபடியானால் 10. பின்னம் ஒன்றை நெருங்கும்போது இவ்வெண் கட்டுக்கடங்காமல் உயர்கின்றது. சேமிப்பகம் பாதி நிரம்பியபோது நன்றாக இயங்கிவிட்டு, முழுதும் நிரம்பும் தறுவாயில் திடீரெனத் தளர்ந்துபோவதாகப் பயனர்கள் உணர்வதற்கு இவ்வளைவின் வடிவமே காரணம்.

இங்கு ப என்பது முழுச் சேமிப்பகத்தின் சராசரி நிரப்பம் அன்று. தேர்ந்தெடுத்த தொகுதியின் நிரப்பம் மட்டுமே. இந்த வேறுபாட்டில்தான் மேலாண்மைக்கு இடம் இருக்கின்றது. சேமிப்பகம் 90 விழுக்காடு நிரம்பியிருந்தாலும், செல்லாத பக்கங்கள் எல்லாத் தொகுதிகளிலும் சிதறாமல் ஒருசில தொகுதிகளில் குவிந்திருந்தால், அவற்றை ஏறத்தாழச் செலவின்றி அழித்துவிடலாம். பெரிய கோப்புகள் தொடர்ச்சியாக எழுதப்பட்டு, மொத்தமாக நீக்கப்படும் பயன்பாடுகளில் எழுதற் பெருக்கம் 1-ஐ நெருங்குவதும், 4 கிலோபைட்டு அளவிலான சிறு எழுத்துகள் முகவரி எங்கும் தாறுமாறாக விழும் பயன்பாடுகளில் அது உயர்வதும் இதனாலேயே.

எத்தொகுதியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு மிக எளிய விதி, செல்லுபடியாகும் பக்கங்கள் மிகக் குறைவாக உள்ளதை எடுப்பதாகும். இது பேராசை விதி எனப்படும். இதைவிடச் சிறந்த ஒன்று, பிளாஷ் சேமிப்பகங்கள் பரவலாவதற்கு முன்பே வேறொரு துறையில் கண்டறியப்பட்டுவிட்டது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மெண்டல் ரோசன்புளூமும் ஜான் ஊஸ்டர்ஹவுட்டும் 1991-ஆம் ஆண்டில் பதிவேட்டு வடிவக் கோப்பு முறைமையை வன்தட்டுகளுக்காக விவரித்தனர். அம்முறைமையும் பழையதன் மேல் எழுதாமல் எப்போதும் கடைசியிலேயே எழுதிச் சென்று, பின்னர் துப்புரவு செய்தது. பகுதியின் நிரப்பத்தோடு அதிலுள்ள தரவின் வயதையும் கணக்கில் கொள்ளவேண்டும் என அவர்கள் காட்டினர். நெடுநாள் மாறாதிருந்த தரவு இனியும் மாறாமலிருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே அதன் இடையே சிக்கிய காலியிடத்தை இப்போதே மீட்பது நன்று. அண்மையில் எழுதப்பட்ட தரவு விரைவில் தானே செல்லாததாகும். சற்றுக் காத்திருந்தால் படியெடுக்கும் வேலை குறையும். வன்தட்டுக்காக எழுந்த இக்கருத்து, வன்தட்டைவிடப் பிளாஷ் நினைவகத்துக்கே மிகப் பொருத்தமாக அமைந்தது எனலாம்.

ஆயுட் கணக்கு

512 கிகாபைட்டுக் கொள்ளளவும் 1,000 அழிப்புகளைத் தாங்கும் கலங்களும் கொண்ட ஒரு சேமிப்பகத்தில் மொத்தம் 512 டெராபைட்டு எழுதலாம். நாளொன்றுக்கு 40 கிகாபைட்டு எழுதும் பயனர் ஆண்டுக்கு 14.6 டெராபைட்டு எழுதுகின்றார். எழுதற் பெருக்கம் 1 எனில் அச்சேமிப்பகம் 35 ஆண்டுகள் உழைக்கும். 4 எனில் ஏறத்தாழ 8 ஆண்டு 9 மாதங்கள். 10 எனில் மூன்றரை ஆண்டுகள் மட்டுமே. பயனரின் வேலையில் எந்த மாற்றமும் இல்லை; சில்லும் அதேதான். வேறுபாடு முழுவதும் உள்ளே நடக்கும் மேலாண்மையைப் பொறுத்தது.

மிகை ஒதுக்கீடு

எழுதற் பெருக்கத்தைக் குறைக்கும் மிக நேரடியான வழி, சில்லுகளின் கொள்ளளவில் ஒரு பகுதியைப் பயனருக்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்துக்கொள்வதாகும். நினைவகச் சில்லுகள் இரண்டின் அடுக்குகளில் செய்யப்படுகின்றன. விற்பனையில் கொள்ளளவு பத்தின் அடுக்குகளில் குறிப்பிடப்படுகின்றது. இந்த வேறுபாடே 7.37 விழுக்காட்டு மிகை ஒதுக்கீட்டைத் தந்துவிடுகின்றது. அதே சில்லுகளைக் கொண்டு 256-க்குப் பதிலாக 240 கிகாபைட்டு என விற்றால் ஒதுக்கீடு 14.5 விழுக்காடாகின்றது, 200 கிகாபைட்டு என விற்றால் 37 விழுக்காடு. வழங்கிக் கணினிகளுக்கான சேமிப்பகங்களின் கொள்ளளவு விந்தையான எண்களில் அமைவதற்கு இதுவே விளக்கம். ஒதுக்கிய இடம் பழுதடைந்த தொகுதிகளுக்கு மாற்றாகவும் பயன்படுகின்றது.

டிரிம் கட்டளை

ஒரு கோப்பைப் பயனர் நீக்கும்போது, கோப்பு முறைமை தன் அட்டவணையில் அவ்விடம் காலி எனக் குறித்துக்கொள்கின்றது, அவ்வளவே. வன்தட்டுகளின் காலத்தில் இதைத் தட்டுக்குத் தெரிவிக்க எந்தத் தேவையும் இருக்கவில்லை. தெரிவிக்கக் கட்டளையும் இருக்கவில்லை. திண்மநிலைச் சேமிப்பகத்துக்கோ இவ்வறியாமை பெருங்கேடாயிற்று. பயனர் நீக்கிய திரைப்படத்தைச் சேமிப்பகம் உயிருள்ள தரவு என்றே எண்ணி, ஒவ்வொரு குப்பை சேகரிப்பின்போதும் கவனமாகப் படியெடுத்து வந்தது. முகவரிகள் அனைத்தும் ஒருமுறை எழுதப்பட்ட பின்னர், கோப்பு முறைமையின் பார்வையில் பாதி காலியாக இருந்தாலும் சேமிப்பகத்தின் பார்வையில் அது எப்போதும் நிரம்பியதே. முதற்காலச் சேமிப்பகங்கள் புதிதாக இருக்கையில் விரைந்தும், சில மாதங்களில் தளர்ந்தும் போனமைக்கு இது ஒரு முதன்மைக் காரணமாக இருந்தது.

எந்த முகவரிகளின் தரவு இனித் தேவையில்லை என்பதை இயங்குதளம் சேமிப்பகத்துக்கு அறிவிக்கும் கட்டளையே டிரிம் ஆகும். 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான விண்டோசு 7 இதை ஆதரித்தது. லினக்சுக் கருவின் 2.6.33 பதிப்பு 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இதைப் பெற்றது. ஆண்ட்ராய்டு 4.3 பதிப்பில் 2013-ஆம் ஆண்டில் இது சேர்க்கப்பட்டது. கசி இடைமுகத்திலும் என்.வி.எம்.இ. சீர்தரத்திலும் இதே பணியைச் செய்யும் கட்டளைகள் வேறு பெயர்களில் உள்ளன.

தொடக்ககால டிரிம் கட்டளையை மற்றக் கட்டளைகளோடு வரிசையில் நிறுத்த இயலவில்லை; நடந்துகொண்டிருந்த எல்லாப் படிப்பும் எழுத்தும் முடியும்வரை காத்திருந்தே அதை அனுப்பவேண்டியிருந்தது. ஒவ்வொரு நீக்கத்துக்கும் அனுப்பினால் கணினி திக்கித் திக்கி இயங்கிற்று. 2011-ஆம் ஆண்டின் சாட்டா 3.1 சீர்தரம் வரிசையில் நிற்கும் டிரிம்மை அறிமுகப்படுத்தியது. ஆயினும் பல லினக்சு வழங்கல்கள் நீக்கிய இடங்களை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக அறிவிக்கும் வழக்கத்தையே மேற்கொண்டன. பெரும்பாலான பயன்பாடுகளுக்கு அதுவே போதுமானது.

தரவைப் பிரித்து வைத்தல்

அடிக்கடி மாறும் தரவு வெந்தரவு என்றும், அரிதாக மாறுவது தண்தரவு என்றும் அழைக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே தொகுதியில் கலந்தால், வெந்தரவு செல்லாததாகி இடைவெளிகள் விழ, தண்தரவு அசையாமல் நின்று ஒவ்வொரு துப்புரவிலும் இடம்பெயர்க்கப்படும். தனித்தனித் தொகுதிகளில் வைத்தால், வெந்தரவுத் தொகுதி முழுவதும் தானே செல்லாததாகிவிடும். கட்டுப்படுத்திகள் ஒரு முகவரி எத்தனை முறை எழுதப்படுகின்றது என்பதை வைத்து இதை ஊகிக்கின்றன. ஊகம் எப்போதும் சரியாக அமைவதில்லை.

தேய்வுச் சமனாக்கம் இதற்கு எதிர்த் திசையில் இழுக்கின்றது. தண்தரவு அமர்ந்திருக்கும் தொகுதிகள் தேயாமலும் மற்றவை விரைவாகத் தேய்ந்தும் போவதைத் தவிர்க்க, கட்டுப்படுத்தி அவ்வப்போது தண்தரவை நன்கு தேய்ந்த தொகுதிகளுக்கு மாற்றுகின்றது. இது பயனர் கேட்காத எழுத்து. ஆகவே எழுதற் பெருக்கத்தைக் கூட்டுவது. தேய்வைச் சமப்படுத்துவதற்காகத் தேய்வை உண்டாக்க வேண்டியிருப்பது இத்துறையின் முரண்களுள் ஒன்று. எலக்ட்ரான்கள் மெல்லக் கசிவதால் பழைய தரவைப் புதுப்பித்து எழுதுவதும் இவ்வகையில் சேரும். 2014-ஆம் ஆண்டில் சாம்சங் 840 ஈவோ வகைச் சேமிப்பகங்களில் நெடுநாள் தொடாத கோப்புகளைப் படிக்கும் வேகம் வெகுவாகக் குறைந்தது. பின்னர் வெளியிடப்பட்ட நிலைபொருள் பழைய தரவை அவ்வப்போது மீண்டும் எழுதி இக்குறையைப் போக்கியது.

தரவைச் சுருக்கி எழுதினால் எழுதற் பெருக்கத்தை 1-க்கும் கீழே கொண்டுவரலாம். 2009-ஆம் ஆண்டில் அறிமுகமான சாண்ட்போர்ஸ் கட்டுப்படுத்திகள் வழக்கமான பயன்பாட்டில் 0.5 எனும் அளவைத் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஒளிப்படம், நிகழ்படம், மறைகுறியாக்கப்பட்ட கோப்பு போன்றவை ஏற்கனவே சுருங்கியவையாகவோ சுருங்காதவையாகவோ இருப்பதால் அவற்றில் இப்பயன் கிட்டுவதில்லை.

பெருக்கத்தின் மேல் பெருக்கம்

எழுதற் பெருக்கம் சேமிப்பகத்தினுள் மட்டும் நிகழ்வதன்று. மையீசீக்குவல் தரவுத்தளத்தின் இன்னோடிபி பொறி இயல்பாக 16 கிலோபைட்டுப் பக்கங்களைக் கையாளுகின்றது. 100 பைட்டு நீளமுள்ள ஒரு பதிவை மாற்றினாலும் முழுப் பக்கமும் எழுதப்படவேண்டும். மின்தடையால் பக்கம் பாதியில் அறுபடாமல் காக்க, அதே பக்கம் முதலில் வேறோர் இடத்திலும் எழுதப்படுகின்றது. அதன் மேல் கோப்பு முறைமையின் குறிப்பேடு. அதற்கும் கீழே சேமிப்பகத்தின் குப்பை சேகரிப்பு. இவை ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன.

பேட்ரிக் ஓ'நீலும் உடனாய்வாளர்களும் 1996-ஆம் ஆண்டில் விவரித்த பதிவேட்டு வடிவ ஒன்றிணைப்பு மரம், சிறு மாற்றங்களைத் திரட்டித் தொடர்ச்சியாக எழுதுவதால் பிளாஷ் நினைவகத்துக்கு உகந்தது எனக் கருதப்பட்டது. லெவல்டிபி, ராக்ஸ்டிபி ஆகியன இதன் வழிவந்தவை. ஆனால் அடுக்குகளை ஒன்றிணைக்கையில் ஒரே தரவு பலமுறை எழுதப்படுவதால் அவற்றின் சொந்தப் பெருக்கமே 10-ஐத் தாண்டக்கூடும். தரவுத்தளம், கோப்பு முறைமை, பெயர்ப்பு அடுக்கு ஆகிய மூன்றும் தனித்தனியே பதிவேட்டு வடிவில் இயங்கி, ஒன்றன் துப்புரவு மற்றதன் ஒழுங்கைக் குலைப்பதைச் சான்டிஸ்க் நிறுவன ஆய்வாளர்கள் 2014-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

கணினியின் ஒத்துழைப்பு

எந்தத் தரவு எப்போது நீக்கப்படும் என்பதைச் சேமிப்பகம் ஊகிக்க முயல்வதைவிட, அதை எழுதும் மென்பொருளே சொல்லிவிடுவது எளிது. பிற்கால முயற்சிகள் பலவும் இந்த எண்ணத்தில் எழுந்தவை. சாம்சங் நிறுவனத்தில் உருவாகி 2013-ஆம் ஆண்டில் லினக்சு 3.8 பதிப்பில் சேர்ந்த எப்2எப்எஸ் கோப்பு முறைமை, தரவின் வகையைக் கொண்டு வெம்மையைப் பிரித்து வெவ்வேறு பதிவேடுகளில் எழுதுகின்றது. இது திறன்பேசிகளில் பரவலாகப் பயன்படுகின்றது.

எழுத்துகளுக்கு ஓடை எண் இட்டு அனுப்பும் முறை 2014-ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டு, 2017-ஆம் ஆண்டின் என்.வி.எம்.இ. 1.3 சீர்தரத்தில் இடம்பெற்றது. ஆனால் போதிய ஆதரவின்றி 2022-ஆம் ஆண்டில் லினக்சுக் கருவிலிருந்து நீக்கப்பட்டது. பெயர்ப்பு அடுக்கையே கணினிக்கு மாற்றிய திறந்த தடச் சேமிப்பக முறையும் 2016 முதல் 2021 வரையே அக்கருவில் நிலைத்தது.

2020-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட மண்டல முறையில், சேமிப்பகம் பெரிய மண்டலங்களாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு மண்டலத்திலும் தொடக்கத்திலிருந்து வரிசையாக மட்டுமே எழுதலாம். மீண்டும் எழுத, மண்டலம் முழுவதையும் மீட்டமைக்க வேண்டும். பிளாஷ் தொகுதியின் இயல்பை மறைக்காமல் வெளிக்காட்டுவதால், உள்ளே குப்பை சேகரிப்பு ஏறத்தாழத் தேவையற்றதாகின்றது, அட்டவணை சுருங்குகின்றது, மிகை ஒதுக்கீடும் குறைகின்றது. விலையோ மென்பொருளின் தலையில் விழுகின்றது. பழைய முறையில் எழுதப்பட்ட நிரல்கள் மண்டலச் சேமிப்பகத்தில் மாற்றமின்றி இயங்கா. இதற்கு மாற்றாக, கூகுள், மெட்டா ஆகிய நிறுவனங்களின் ஈடுபாட்டுடன் உருவாகி 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்கப்பட்ட நெகிழ் தரவு இருத்தல் முறை, எழுத்தோடு ஒரு குறிப்பை மட்டும் சேர்த்தனுப்புகின்றது. குறிப்பை அறியாத பழைய நிரல்களும் அதில் வழக்கம்போல் இயங்கும். பிந்தைய முறைக்கு வரவேற்பு மிகுந்தமைக்கு இதுவே காரணம்.

டெஸ்லா மகிழுந்துகளின் மீளழைப்பு

எழுதும் அளவைக் கணக்கில் கொள்ளாத வடிவமைப்பு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு டெஸ்லா நிறுவனத்தின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் மகிழுந்துகள் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. 2018-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை செய்யப்பட்ட இவ்வகை மகிழுந்துகளின் நடுத்திரையை இயக்கிய கணினியில் 8 கிகாபைட்டுக் கொள்ளளவு கொண்ட பிளாஷ் சில்லு ஒன்று மின்பலகையில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. அதன் தொகுதிகள் ஏறத்தாழ 3,000 அழிப்புகளைத் தாங்குவன. ஒவ்வொரு தொகுதியும் சராசரியாக நாளொன்றுக்கு 1.4 முறை அழிக்கப்பட்டதால், ஐந்து முதல் ஆறு ஆண்டுகளில் சில்லின் ஆயுள் முடிந்தது. நாளொன்றுக்கு 1.4 முறை என்பது 8 கிகாபைட்டுச் சில்லில் 11 கிகாபைட்டுக்கு ஈடான எழுத்தாகும். கணினி இடையறாது எழுதிக்கொண்டிருந்த பதிவுக் குறிப்புகளே இதற்குக் காரணம் என 2019-ஆம் ஆண்டில் பழுதுநீக்குவோர் சுட்டிக்காட்டினர்.

சில்லு செயலிழந்தபோது திரை இருண்டது. பின்புறக் காட்சி ஒளிப்படக் கருவி, கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் அமைப்பின் கட்டுப்பாடு, திருப்பக் குறிவிளக்கின் ஒலி ஆகியனவும் அதனுடன் மறைந்தன. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதைப் பாதுகாப்புக் குறைபாடு எனக் கொண்டது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏறத்தாழ 1,35,000 மகிழுந்துகள் மீளழைக்கப்பட்டு, 64 கிகாபைட்டுச் சில்லு பொருத்தப்பட்டது. கொள்ளளவு எட்டு மடங்கானால் அதே அளவு எழுத்து எட்டு மடங்கு பரப்பில் பகிரப்படும்; காலியிடம் மிகுவதால் எழுதற் பெருக்கமும் தாழும்.

நீக்கிய தரவும் தடயவியலும்

பழைய பக்கத்தின் மேல் எழுதாமல் வேறிடத்தில் எழுதும் முறைக்கு எதிர்பாராத இரு பின்விளைவுகள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று முரணானவை. முதலாவது, அழிந்தது எனப் பயனர் எண்ணும் தரவு அழியாமல் இருத்தல். கோப்பின் மேல் பலமுறை எழுதி அழிக்கும் மென்பொருள்கள் வன்தட்டில் பயன் தந்தன. திண்மநிலைச் சேமிப்பகத்தில் அவ்வெழுத்துகள் வேறு பக்கங்களில் விழ, மூலத் தரவு குப்பை சேகரிப்பு நிகழும்வரை சில்லில் தங்கிவிடுகின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டில் சில்லுகளை நேரடியாகப் படித்து, தனிக் கோப்பை அழிக்கும் முறைகள் எவையும் நம்பத்தக்கவை அல்ல எனக் காட்டினர். முழுச் சேமிப்பகத்தையும் அழிக்கும் உள்கட்டளையைக்கூடச் சில சேமிப்பகங்கள் பிழையாகச் செயற்படுத்தியிருந்தன. அழித்துவிட்டதாக அறிவித்த ஒன்றில் தரவு அப்படியே இருந்தது. எல்லாத் தரவையும் மறைகுறியாக்கி எழுதிவிட்டு, வேண்டாதபோது திறவியை மட்டும் அழிக்கும் முறை இதற்குத் தீர்வாகப் பரவியது.

இரண்டாவது, காக்கப்படவேண்டிய தரவு தானே அழிந்துபோதல். ஆத்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேம் பெல், ரிச்சர்டு பாடிங்டன் ஆகியோர் 2010-ஆம் ஆண்டில், விரைவு வடிவமைப்புச் செய்யப்பட்ட சேமிப்பகம் ஒன்று மின்சாரம் கிடைத்த சில நிமிடங்களிலேயே தன் பழைய உள்ளடக்கத்தைத் துடைத்துவிட்டதைக் கண்டனர். எழுத்தைத் தடுக்கும் தடயவியல் கருவியை இடையே இணைத்தும் பயனில்லை. எழுதும்படி கணினி எதுவும் அனுப்பவில்லை. சேமிப்பகமே உள்ளிருந்து துப்புரவு செய்தது. வன்தட்டில் நீக்கிய கோப்புகளை மீட்டு நீதிமன்றத்தில் சான்றாக வைத்துப் பழகிய தடயவியலாளர்களுக்கு இது பெருஞ்சிக்கலாயிற்று. தவறுதலாகக் கோப்பை நீக்கிவிட்டு மீட்பு மென்பொருளைத் தேடும் பயனரின் நிலையும் இதுவே. டிரிம் அறிவிக்கப்பட்ட பின்னர் மீட்புக்கான வாய்ப்பு மிகக் குறைவு.

அளவிடல்

எழுதற் பெருக்கத்தைக் கணக்கிட இரு எண்கள் வேண்டும்: கணினி அனுப்பிய அளவும், சில்லில் எழுதப்பட்ட அளவும். முதலாவதைப் பெரும்பாலான சேமிப்பகங்கள் தம் உடல்நிலை அறிக்கையில் தருகின்றன. என்.வி.எம்.இ. சேமிப்பகங்களில் இது 5,12,000 பைட்டு கொண்ட அலகுகளில் எண்ணப்படுகின்றது. இரண்டாவதைப் பொது அறிக்கை கேட்பதில்லை. சில நிறுவனங்கள் மட்டும் தனிக் குறியீடாக வெளியிடுகின்றன. பயன்படுத்தப்பட்ட ஆயுளின் விழுக்காடு அதே அறிக்கையில் உண்டு. இவ்வெண் 100-ஐக் கடந்தும் செல்லலாம். 100 என்பது உற்பத்தியாளர் மதிப்பிட்ட ஆயுள் முடிந்தது என்பதைக் காட்டுமேயன்றிச் சேமிப்பகம் அந்நாளிலேயே நின்றுவிடும் எனப் பொருள்படாது.

வீட்டுக் கணினிகளில் பயனர் செய்யத்தக்கவை சிலவே. டிரிம் இயங்குகின்றதா என உறுதிப்படுத்துதல், சேமிப்பகத்தை விளிம்புவரை நிரப்பாதிருத்தல், வன்தட்டுகளுக்கே உரிய துண்டுநீக்க மென்பொருளைத் திண்மநிலைச் சேமிப்பகத்தில் இயக்காதிருத்தல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. யூ.எஸ்.பி. வழியாக இணைக்கப்படும் புறச் சேமிப்பகங்களில் இடையிலுள்ள மாற்றிச் சில்லு டிரிம் கட்டளையைக் கடத்தாமல் விட்டுவிடக்கூடும். அத்தகையவற்றைக் கணினியின் உள்ளே நேரடியாகப் பொருத்தி ஒருமுறை டிரிம் செய்தால் பெரும்பாலும் இழந்த வேகம் திரும்பும்.